மச்சானுக்காக விசாரித்தேன்

என்னை நம்பி ஒலிவாங்கியைக் கையில் கொடுக்கத் துணிந்த தலைவர் அவர்களே! மேடையை அணிசெய்யும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பாரமுமாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வருவதா, போவதா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் என் உடன்பிறப்புகளே! குடியை விட்டு ஓராண்டான ஓர் அச்சகத் தொழிலாளி உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

குடியை நிறுத்தும் எங்கள் குழுவில் பெயர் கேட்பதில்லை. அதனால் என் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இன்னொருவர் பெயரைக் கெடுத்திருக்கிறேனே, அதற்கு என்ன வழி? அதை உங்கள் முன்னிலையில் அவருக்கு மீட்டுக் கொடுக்கவே வந்திருக்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகள் தாள் வெட்டும் இயந்திரத்தில் நின்றவன் நான். ஒரு காலையில், கத்தி இறங்கும் இடத்தில் என் கை நடுங்கியது. மேலாளர் பார்த்தார். அன்றே என்னை உறை ஒட்டும் மேசைக்கு மாற்றினார். வீட்டில் சொன்னேன். என் மனைவி அழவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. "குடியை நிறுத்துறவங்க கூட்டம் பக்கத்துலதான் எங்கயோ நடக்குதாம். நீங்களே தேடிப் போங்க. நான் கூட்டிட்டுப் போனா எனக்காகத்தான் உக்காந்திருப்பீங்க" என்றாள்.

தேடினேன். மருந்துக்கடையில் கேட்டேன், நகல் எடுக்கும் கடையில் கேட்டேன், நூலகக் காவலாளியிடம் கேட்டேன். என்னவென்று கேட்டேன் தெரியுமா? "கூட்டம் எங்க நடக்குது? எனக்கில்லீங்க, என் மச்சானுக்கு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் இன்று சிரிக்கிறேன். அந்த மச்சான் யார்? என் மனைவியின் அண்ணன். பள்ளி வேன் ஓட்டுநர். இருமல் மருந்தைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குகிறவர்! அந்த மனிதரை நா கூசாமல் குடிகாரராக்கினேன்.

நூலக மாடியில், செவ்வாயும் வெள்ளியும், மாலை ஆறரைக்குக் கூட்டம். போனேன். கையில் ஒரு நோட்டு. மச்சானுக்குக் குறிப்பு எடுக்கிறேனாம்! நாலு வாரம் அத்தனை பேர் காதிலும் பூச்சுற்றினேன். கூட்டத்தை நடத்துபவர் ஒரு செவிலியர் அம்மா. அவரும் குடியிலிருந்து மீண்டவர்தான். ஒரு வெள்ளியன்று கேட்டார்: "உங்க மச்சான் இந்த வாரம் எப்படி இருக்காரு?"

"மூணு நாள் குடிக்கலைங்க. நாலாவது நாள் முடியல."

அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார். சூடாக ஒரு தேநீரை ஊற்றி என் கையில் கொடுத்தார். "இந்தாங்க, இது உங்க மச்சானுக்கு."

குடித்தேன். குடிக்கும்போதே அழுதுவிட்டேன். "மச்சான் இல்லீங்க... நான்தான்" என்றேன். யாரும் திடுக்கிடவில்லை, தெரிந்த கதைதானே! நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அன்று நான் மீண்டேன். ஆனால் என் பொய்? அதற்குள் மூன்று வாயில் போட்ட சொல் முந்நூறு காதில் ஏறியிருந்தது. இரண்டு மாதம் கழித்து மனைவி வந்து சொன்னாள்: "அண்ணனை வேன்லேர்ந்து எடுத்துட்டாங்க. குடிக்கிறவர் வண்டில பிள்ளைங்களை ஏத்த மாட்டோம்னு பெத்தவங்க சொல்லிட்டாங்களாம்."

ஓடினேன். மச்சான் ஒரு பணிமனையில் யாருடைய காரையோ கழுவிக்கொண்டிருந்தார். "இல்லைன்னு சொல்லக்கூடாதா மச்சான்?" என்று கத்தினேன். குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "நான் இல்லைன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க மாப்ள. நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் படி ஏறுறதை நிறுத்திட்டா, என் தங்கச்சி என்ன பண்ணுவா?"

அப்போதே பள்ளிக்குப் போய் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும். சொன்னேனா? இல்லை. பத்து மாதம் வாய்மூடி இருந்தேன். குடியை விடத் துணிந்தவனுக்கு உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வாசலில் நிற்கும் சகோதரா! தம்பிக்காக விசாரிக்க வந்தாயா? நண்பனுக்காக வந்தாயா? அப்படியே வா! பொய்யோடு வா, நடுக்கத்தோடு வா, நேற்றுக் குடித்திருந்தாலும் வா! கட்டணம் இல்லை, கேள்வி இல்லை, உனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஆனால் பொய்யை என்னைப்போல் ஊருக்குள் உலவ விடாதே. அது ஒரு நல்ல மனிதரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிடும்.

தாய்மார்களே! அந்த வேனில் பிள்ளைகளை அனுப்பியவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். கேளுங்கள்! குடித்தவன் நான்! கூசாமல் பொய் சொன்னவன் நான்! என் மச்சான் ஒரு நாளும், ஒரு சொட்டும் குடித்ததில்லை! அதோ, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். மச்சான், தலைகுனிய வேண்டியவன் நான். நீங்கள் எழுந்து நில்லுங்கள்!

என்னம்மா? மூன்றாவது வரிசையில்... சத்தமாகச் சொல்லுங்கள்... "பள்ளிக்கூடத்துல நாங்க பேசுறோம், திங்கட்கிழமை வேன் எடுக்க எத்தனை மணிக்கு வருவாரு" என்றா கேட்கிறீர்கள்?

மச்சான், அந்த அம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். இந்த ஒலிவாங்கி இனி உங்களுக்கு. பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.