ஐந்து நாற்பது வெளிச்சம்

— மனுஷ வாழ்க்கையில எல்லாமே கரைஞ்சு போயிடும்மா. பதவி, வீடு, பேரு, புகழ், எதுவும் நிக்காது. கடைசியில மிஞ்சறது ஒண்ணே ஒண்ணுதான். அலைச் சத்தம் கேக்கற தூரத்துல, கையோட கை கோத்து உக்காந்திருக்கற ஒரு குடும்பம்.

— அடுத்த வரியை நான் சொல்லட்டுமா?

— சொல்லேன்.

— 'அந்தக் குடும்பத்துக்காக எங்கள் விடுதியில் கடலைப் பார்த்த நாற்பது அறைகள் காத்திருக்கின்றன. காலைச் சிற்றுண்டி உட்பட.' ஏன் நிறுத்திட்டீங்க? புள்ளைங்க நீச்சல் வளையத்தை அமுக்குங்க. பாதிக் காத்து இன்னும் உள்ளேயே இருக்கு. அது சப்பையாகாம பெட்டி மூடாது. காலையில ஆறரைக்குப் படகு.

— இது உனக்கு எங்கே கிடைச்சது?

— உங்க நீலச் சட்டைப் பையில. மடிச்சு வைக்கறதுக்கு முன்னாடி பையைத் தடவிப் பாக்கறது ஒன்பது வருஷப் பழக்கம். இதுவரைக்கும் பஸ் டிக்கெட் கிடைச்சிருக்கு, பல்குத்தற குச்சி கிடைச்சிருக்கு. இன்னைக்குத்தான் புருஷனே கிடைச்சார். நாலா மடிச்சு.

— ஒரு கோணத்துல பாத்தா, அது சும்மா ஒரு குறிப்பு.

— எந்தக் கோணம்னும் போட்டிருக்கு. 'இரண்டாம் நாள், மாலை ஐந்து நாற்பது. பொன்னிற வெளிச்சம். கணவர் இடப்பக்கம் அமர்ந்து மனைவியின் கையைப் பிடிக்கிறார். மனைவிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம், ஆச்சரியம் இயல்பாக வரட்டும்.' வந்துச்சா?

— எது?

— ஆச்சரியம்.

— ரொம்ப நல்லா வந்துச்சுன்னுதான் சொன்னார்.

— யாரு சொன்னார்?

— அவர்தான். அந்தப் பறவை படம் எடுக்கறவர்.

— அந்த நீள லென்ஸ்காரரா? ஏங்க, அவருக்கு வெயில்ல தொண்டை காயுமேன்னு ரெண்டு தடவை தண்ணி பாட்டில் குடுத்தேன். மாமா பறவை பிடிக்கறார், சத்தம் போட்டா பறந்துடும்னு சின்னவன் வாயைப் பொத்தி இழுத்துட்டு வந்தேன். அஞ்சு நாள்ல அந்தப் பக்கம் ஒரு காக்கா கூட உக்காரலை. அப்பவாவது எனக்குத் தோணியிருக்கணும்.

— வாயைப் பொத்தினதையும் எடுத்திருக்கார். பாசமான தாய் அப்படின்னு.

— சரி. முதல்லேருந்து சொல்லுங்க. ரிப்போர்ட் மாதிரி. பில்டப் வேண்டாம்.

— ஒரு கோணத்துல பாத்தா இது நம்ம குடும்பத்துக்குக் கிடைச்ச கௌரவம். இந்த விடுதி பாத்ரூம் எல்லாத்துக்கும் எங்க கம்பெனி டைல்ஸ்தான் போட்டோம். அந்தப் பழக்கத்துல முதலாளி கேட்டார். புது விளம்பரத்துக்கு நடிகருங்க வேண்டாம், அன்பு ததும்பற நிஜக் குடும்பம் வேணும்னார். எத்தனையோ குடும்பத்தைப் பாத்துட்டு நம்மளைத்தான் தேர்ந்தெடுத்தாங்க.

— பேப்பர் தலைப்புல வேற ஒரு குடும்பத்தை எழுதி அடிச்சிருக்கே.

— அவங்க பசங்களுக்கு அம்மை போட்டுடுச்சு.

— சரி, அடுத்தது. எனக்கு ஏன் சொல்லலை?

— சொன்னா உன் முகம் இயல்பா இருக்காதுன்னு அவர்தான் சொன்னார். அவர் தொழில் தெரிஞ்சவர்மா. நான் கையைப் பிடிச்சதும் நீ திரும்பி ஒரு பார்வை பாத்தே பாரு, அதுதான் அட்டைப் படமாம். இருபது வருஷ அனுபவத்துல அப்படி ஒரு முகத்தை அவர் பாத்ததே இல்லையாம்.

— எப்படிப் பாத்திருப்பார்? ஒன்பது வருஷத்துல நீங்க என் கையைப் பிடிச்சது ரெண்டு தடவை. ஒண்ணு தாலி கட்டினப்போ. இன்னொண்ணு, லிஃப்ட் நின்னுபோனப்போ உங்க பயத்துக்கு.

— அம்மா, தம்பி மணலை வாயில போட்டுக்கிட்டான்.

— துப்பச் சொல்லுடி. பெரியவளே, இங்க வா. அந்தப் பறவை மாமாவை உனக்குத் தெரியுமா?

— எனக்கு எதுவும் தெரியாது. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்.

— யாருக்கு?

— அதையும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க.

— அப்பாவே சொல்லிட்டார். இனிமே சத்தியம் கிடையாது.

— நிஜமாவா அப்பா? அப்ப சொல்லலாமா? அம்மா, நீ தண்ணில நிக்கும்போது அழகா இருந்தியாம். மாமா சொன்னாங்க. ஆனா பால்கனியில துணி காயப்போடும்போது போட்டுப்பியே, அந்தப் பச்சை நைட்டி, அது மட்டும் வேண்டாமாம். அதனாலதான் அப்பா அதை அலமாரி மேல ஒளிச்சு வச்சாங்க.

— மூணு நாளா தேடறேன் அதை.

— நான் எடுத்துக் குடுக்கலாம்னு பாத்தேன். எட்டலை.

— நீ போய் தம்பி காலைக் கழுவி உள்ளே கூட்டிட்டு வா.

— அப்பா உனக்குக் கழுவின மாதிரி மூணு தடவையா?

— ஒரு தடவை போதும். உன்னை யாரும் படம் எடுக்கலை.

— குழந்தை முன்னாடி இப்படிப் பேசணுமா?

— குழந்தைகிட்ட சத்தியம் வாங்கலாம், பேசக் கூடாதா? ஏழு வயசுல அவளுக்குத் தெரியும். சின்னவனுக்குத் தெரியுமா?

— அவனுக்கு விவரம் புரியாது. பப்பாளி சாப்பிடும்போது சிரிக்கணும்னு மட்டும் சொல்லி வச்சேன்.

— அவன் பப்பாளியே சாப்பிட மாட்டான்.

— அது எனக்குத் தெரியாதே. நாலு தடவை துப்பினான். கடைசியில ஸ்பூனைக் காலியா வச்சு எடுத்தோம்.

— நாலு வயசாகுது அவனுக்கு. அவன் எதைத் துப்புவான்னு உங்களுக்கு விளம்பரம் வந்து சொல்ல வேண்டியிருக்கு.

— ஒரு கோணத்துல பாத்தா, இதுல யாருக்கு என்ன நஷ்டம்? புள்ளைங்க சந்தோஷமா இருந்தாங்க. நீ சந்தோஷமா இருந்தே. கடலைப் பார்த்த ரூம். நான் என்ன குடிச்சுட்டு வந்து அடிச்சேனா? அன்பாத்தானே இருந்தேன்?

— அந்தக் குழாயடியில நடந்ததைப் பத்திக் கேக்கறேன். நாலாம் நாள். கீழே உக்காந்து என் பாதத்தை எடுத்து உங்க முட்டி மேல வச்சு மணலைக் கழுவினீங்க. முடிஞ்சுதுன்னு நான் காலை எடுத்தா, இன்னும் மணல் இருக்குன்னு மறுபடியும் கழுவினீங்க. அப்புறம் இன்னொரு தடவை. அங்கே மணலே இல்லை. மனுஷனுக்கு என் காலை விட மனசில்லைன்னு நினைச்சேன்.

— வெளிச்சம் மாறிக்கிட்டே இருந்துச்சு.

— அன்னைக்கு நான் பாத்ரூம்ல போய் அழுதேன். உங்க டைல்ஸைப் பாத்துக்கிட்டு. அப்புறம் அக்காவுக்குப் போன் பண்ணினேன். அக்கா, இவர் மாறிட்டார்னு சொன்னேன். காய்ச்சல் அடிக்குதான்னு பாருடின்னா. நான் அவகிட்ட சண்டை போட்டு போனை வச்சேன். உங்களுக்காக.

— உங்க அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

— அவளுக்கு உங்களைத் தெரியும். எனக்குத்தான் தெரியலை. சரி, அடுத்தது. இன்னைக்கு ஏழு மணிக்கு என்னன்னு ஞாபகம் இருக்கா?

— சாப்பாட்டுக் கூடம் திறப்பாங்க.

— அக்கா இருக்கற ஊர்ல எங்க ஆஸ்பத்திரியோட புதுக் கிளை. ரத்தப் பரிசோதனை லேபுக்கு என்னைத் தலைமையா போடறாங்க. வரேனா இல்லையான்னு இன்னைக்கு ஏழு மணிக்குள்ள பதில் சொல்லணும். போன மாசம் சொன்னேன் உங்ககிட்ட. கொட்டாவி விட்டீங்க.

— நீ சொன்னே, ஆமா, லேப் பத்தி ஏதோ சொன்னே. போறதுன்னா வாரத்துல எத்தனை நாள்?

— வாரத்துல ஏழு நாள். புள்ளைங்களோட. பள்ளிக்கூடம்கூட அக்கா பாத்து வச்சுட்டா. திரும்பி வர்றதுக்காகப் போற போக்கு இல்லைங்க அது. வரேன்னு எழுதி போன்ல வச்சுட்டுத்தான் இந்தத் தீவுக்கே படகு ஏறினேன். அனுப்பறதுதான் பாக்கி.

— என்னம்மா சொல்றே?

— நாலாம் நாள் அதை அழிச்சேன். கால் ஈரம்கூடக் காயலை, அதுக்குள்ள அழிச்சேன். அந்த வளையத்தைக் கீழே வைங்க. சீறிக்கிட்டே இருக்கு. மணி ஆறு நாற்பத்தஞ்சு. உங்களுக்கு ஒரு வாய்ப்பு தரேன். லேப்ல ஒரு ரிப்போர்ட் தப்பா வந்தா உடனே ஆளை நோயாளின்னு சொல்ல மாட்டோம். இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாப்போம். இந்த ஆறு நாள்ல, யாரும் சொல்லாம, யாரும் பாக்காம, எனக்காக நீங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இருந்தா, போகலை.

— எவ்வளவோ இருக்கு. வரும்போது படகுல உனக்கு வயத்தைப் புரட்டினப்போ எலுமிச்சம்பழம் குடுத்தேன்.

— என் கைப்பையிலேருந்து. நான் எடுங்கன்னு சொன்னப்புறம். அடுத்தது.

— உனக்குத் தொப்பி வாங்கிட்டு வந்தேன்.

— உள்பக்கம் விடுதியோட சீல் இருக்கு. மத்தியானம் ரூம் துடைக்கற அம்மா வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்தது.

— அன்னைக்கு ராத்திரி சின்னவன் வாந்தி எடுத்தப்போ நான் முழிச்சிருந்தேன்.

— அம்மா, தம்பி காலைக் கழுவிட்டேன். அப்பா பொய் சொல்றாங்க. அன்னைக்கு பக்கெட் எடுத்துட்டு வந்தது நான். அப்பா போர்வைக்குள்ள இருந்துக்கிட்டே என்ன சத்தம்னு கேட்டாங்க.

— முழிச்சிருந்ததாலதானே கேட்டேன்?

— நீ தம்பியைக் கூட்டிட்டு பால்கனியில உக்காரு. கிளிஞ்சலை எல்லாம் எண்ணி டப்பாவுல போடு. கதவை சாத்திக்கோ.

— வேற இருக்கும்மா. யோசிக்க டைம் குடு.

— நான் சொல்லட்டுமா? நான் யோசிச்சு வச்சிருக்கேன். இந்தப் பேப்பரைப் படிச்சதுலேருந்து அதையேதான் யோசிக்கறேன்.

— என்னது?

— இந்தப் பேப்பர்ல அஞ்சு நாள்தான் இருக்கு. அஞ்சாம் நாள் கடைசியில, 'மரப்பாலம். மனைவி பேசுவதைக் கணவர் ரசித்துக் கேட்கிறார். படப்பிடிப்பு நிறைவு. ஒத்துழைப்புக்கு நன்றி.' அது நேத்து. அதோட முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு ஆறாம் நாள்.

— ஆமா.

— இன்னைக்கு சாயங்காலம் நீங்களாத்தான் வந்து, வா, பாலம் வரைக்கும் போயிட்டு வரலாம்னு கூப்பிட்டீங்க. பாலத்துல நம்ம ரெண்டு பேர். புள்ளைங்க கரையில. தூரத்துல பாய் போட்டு மூடின ஒரு படகு. வேற ஒரு ஈ காக்கா இல்லை. பறவை மாமாவும் இல்லை. நீங்க என் கையைப் பிடிச்சீங்க. குடும்பம், வாழ்க்கைன்னு ஒரு வார்த்தை பேசலை.

— பேசலை.

— நான் லேப் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போன கதையைச் சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். எனக்கே அலுப்பு தட்டற கதை அது. வீட்டுல நான் லேப்னு ஆரம்பிச்சா மூணாவது வார்த்தையில உங்களுக்குக் கொட்டாவி வரும். இன்னைக்கு வரலை. என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் ஃப்ரிட்ஜ் என்னாச்சுன்னு கேட்டீங்க.

— கேட்டேன்.

— அஞ்சு நாள் பொய்யைத் துடைச்சுப் போட அது ஒண்ணு போதும். நான் அவ்வளவு மட்டமான பொம்பளை, என்ன பண்றது. பத்து நிமிஷம் ஒருத்தர் கொட்டாவி விடாம கேட்டா போதும், ஒரு வேலை, ஒரு ஊரு, எல்லாத்தையும் விட்டுடுவேன். சொல்லுங்க. இன்னைக்கு நடந்தது இந்தப் பேப்பர்ல இல்லைதானே?

— பேப்பர்ல இல்லை.

— சத்தியமா?

— பேப்பர்ல சத்தியமா இல்லை.

— சரி. போனை எடுங்க, தலையணைக்கு அடியில இருக்கு. மணி என்ன?

— ஆறு ஐம்பத்தாறு.

— எழுதறேன். 'ஐயா, குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்தப் பொறுப்பை என்னால் ஏற்க இயலவில்லை. வேறொருவரை நியமித்துக்கொள்ளவும்.' போதுமா? நன்றியும் போடறேன். அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு ஊருக்குப் போய் யோசிச்சுக்கலாம். இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அந்தப் படம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, சொல்லிட்டேன். என்ன அப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணுமில்லை.

— முகம் ஏன் இப்படி இருக்கு? அதான் போகலைன்னு சொல்லிட்டேனே. அனுப்பறேன்.

— அனுப்பாத.

— ஏன்?

— ஒரு கோணத்துல பாத்தா…

— கோணம் வேண்டாம். ஏன்னு சொல்லுங்க.

— அவர் அந்தப் படகுல இருந்தார்.

— யாரு?

— நேத்து எடுத்த படத்துல நான் கொட்டாவி விட்டிருந்தேன்.