கடன் வாங்கிய மூக்கு

நல்ல எருவுக்கு நாற்றம் இருக்காது. மழை விட்ட பிறகு மண்ணிலிருந்து வருமே, அந்த வாசனைதான் இருக்கும். மக்கி ஆறாத கோழி எருவைச் செடியைச் சுற்றி மேலாகத் தூவித் தண்ணீர் விட்டால் வேர் வெந்துவிடும். நாற்றுப்பண்ணை வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும், ஐயா. என் தம்பிக்கும் தெரியும். வாசனை மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது.

ஆறாத எருவும் மேலே காய்ந்திருந்தால் கைக்குச் சுடாது. மூக்குதான் சொல்ல வேண்டும். அதனால் என்னைக் கூப்பிடுவான். "அண்ணா, உன் மூக்கைக் கொஞ்சம் கடன் குடு." நான் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துச் சொல்வேன். அம்மா அப்பா போன பிறகு அவனுக்கு எல்லாமே நான்தான்.

எங்கள் பண்ணையில் இருந்த எலுமிச்சை நாற்றுகள் முழுக்க அவன் பாடுபட்டு வளர்த்தவை. அவற்றை விற்றுவிட்டு, மனைவியோடு அவள் ஊருக்குப் போய்த் தனியாகப் பண்ணை போடப்போவதாகச் சொன்னான்.

"அங்க யார்டா உனக்கு மோந்து பார்ப்பா?"

"இவ இருக்காளே. உன்னோடதைவிட நீளமான மூக்கு."

நானும் சிரித்தேன்.

நாற்றுகளுக்குக் கடைசியாக எரு இடவேண்டிய நாளில் வழக்கம்போலக் கூப்பிட்டான். அள்ளி முகத்தருகே கொண்டுபோனேன். நெடி மூக்கைத் துளைத்தது.

"ஆறிடுச்சு. போடுடா."

தண்டில் படாமல், நான் பழக்கிய மாதிரியே, ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் தூவினான். அவன் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னங்க, இவ்வளவு காட்டமா இருக்கு?"

"அண்ணன் பார்த்துட்டாரு. நீ போய் வேலையப் பாரு."

அந்த வாரமே இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. ஒன்றுகூடத் தப்பவில்லை. தம்பி என்னிடம் வந்தான். சண்டைக்கு வரவில்லை, குழந்தை கேட்பதுபோலக் கேட்டான். "ஆறிடுச்சுன்னுதானே அண்ணா சொன்னே?"

"நான் பார்த்தது பக்கத்துக் குவியல்டா. நீ மாத்தி அள்ளிட்டே."

தலையாட்டினான். என்னைச் சந்தேகப்படும் பழக்கமே அவனுக்குக் கிடையாது. "அப்ப நான்தான் எல்லாத்தையும் கொன்னுட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செத்த நாற்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்தான். விடு, இங்கேயே இருந்து அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோளைத் தட்டினேன். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவனைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

அவன் மனைவி கொடுத்த புகார் உண்மை. எரு ஆறவில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். குவியல் மாறவில்லை. பொறாமையில் செய்தேன் என்று எழுதியிருக்கிறாளாம். அதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்நிய ஊருக்குப் போய் அவன் கஷ்டப்படக்கூடாதே என்றுதான் செய்தேன். என்னைப்போல அவனை வேறு யார் பார்த்துக்கொள்வார்கள், ஐயா?