வீட்டோடு இருக்க வந்தவன்

எங்கள் வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்பது எனக்கு முப்பத்து நான்காவது வயதில்தான் தெரிந்தது, மேடம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. நான் பக்கத்தில் இருந்த உப்பை எடுத்து டீயில் போட்டுவிட்டேன். மனைவியும் மகளும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நடந்ததை என் வார்த்தையிலேயே சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கால் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெயசீலன். கடலூர் தேவனாம்பட்டினம், கடலுக்குப் போகிற குடும்பம். பன்னிரண்டு வருடம் ஊர் ஊராகக் கபடி ஆடினேன், கடைசி ஏழு வருடம் பெரிய லீக்கில். நான் கார்னர். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து நிறுத்துவதுதான் என் வேலை. அவன் அடுத்த காலை எங்கே வைப்பான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். ஒப்பந்தம் இன்னும் இரண்டு சீசன் இருந்தது. போன வருடம் நானாகவே விட்டுவிட்டேன். மகள் வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறேன் என்று பேட்டி கொடுத்தேன், பேப்பரில் படத்தோடு போட்டார்கள். ஊரில் சால்வை போட்டார்கள். என் மனைவி ப்ரீத்தி மட்டும் போனில், "இன்னும் ரெண்டு வருஷம் ஆடிட்டு வர்றதுதான? எங்களுக்குப் பழகிப்போச்சி" என்றாள். எனக்காக விட்டுக்கொடுத்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு அண்ணாமலை நகரில் ஆபீஸ் வேலை. குடியிருப்பது சிதம்பரத்தில். ஒன்பதரைக்கு ஸ்கூட்டியை எடுத்தால் ஆறு மணிக்குத்தான் வருவாள். கயல்விழி எங்களுக்கு ஒரே பெண், பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம், டியூஷன், அதற்குமேல் கபடி பயிற்சி என்று அவள் வர ஏழரை ஆகிவிடும். நான் நாலரைக்கே எழுந்துவிடுவேன். பைக்கைத் துடைப்பேன். மோட்டாரைப் போட்டுத் தொட்டி வழிகிறவரை நிற்பேன். மறுபடியும் பைக்கைத் துடைப்பேன். பத்து மணிக்கு வீட்டில் மின்விசிறியும் நானும்தான். சில நாள் கடலூர் வரை வண்டியை விடுவேன். துறைமுகத்தில் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்று, யாராவது வந்து 'அடுத்த மேட்ச் எப்ப?' என்று கேட்பதற்குள் திரும்பிவிடுவேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். என்னுடையது பிடித்த கை. அதற்கு யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

நான் வந்த பத்தாம் நாள் சாப்பிடும்போது கயல் கேட்டாள். "நீ எப்பப்பா கெளம்புற?"

"இனிமே எங்கயும் போவலம்மா. இங்கதான்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அப்ப அப்பா படுக்கிற ரூம்ல நான் படிக்க முடியாதா?"

விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான். நான் பத்து நாள் ஆகியும் போகாமல் இருந்தேன். அன்றைக்கு எனக்கு மனசு மிகவும் வலித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது கபடி ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் மண்ணைக் கொத்திச் சலித்துப் போட்டு, கோடு கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாடி வருவாள், நான் பிடிப்பேன். நல்ல வேகம். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கார்த்திகை மழையில் ஒருநாள் அவள் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. அதில் என் பங்கு எதுவும் இல்லை, நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல நாட்கள் அந்த ஆறு வாரம்தான். அவளைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் உட்கார வைப்பேன். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயும் போனது. வயிறு வலிக்கச் சிரித்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் பழைய ஆட்டங்களைப் போனில் பார்ப்போம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார், எங்கே தப்பு செய்தோம் என்று அதுவே சொல்லும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் அவளே, "நீ இருந்தது நல்லதாப் போச்சிப்பா" என்றாள். நான் கோப்பைகள் வாங்கியிருக்கிறேன், மேடம். அப்படி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கட்டுப் பிரித்ததும் அவள் பழையபடி ஓடத் தொடங்கினாள். பத்து மணிக்கு மறுபடியும் மின்விசிறியும் நானும்.

சித்திரையில் அவளுடைய பயிற்சியாளர் அருண்பாண்டியன் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, பாப்பா செலக்ட் ஆயிடுச்சி. ஜூன்ல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேரணும். உங்க ரத்தம்ண்ணே, வேற என்ன." விடுதி பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்தது. ப்ரீத்தி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். நான்தான் ஜாங்கிரி வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தேன். எதிர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பெட்டி வாங்கினார்கள். கயல் அதன் மேல் பெயிண்டால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே போனால் எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு, தீபாவளிக்கு வருவேன். நீ வந்தியே, அப்பிடிதான்."

குத்திக்காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கை அவள் சொன்னாள்.

பிறகு ஒரு வாரம் நன்றாக யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வெளியூரில், வெளிச்சாப்பாட்டில், குடும்பம் இல்லாமல் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். நான் பட்டது அவளுக்கு வேண்டாம் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் தவறில்லை. போகாதே என்று வாயால் சொல்லியிருக்கலாமே என்று ப்ரீத்தி கேட்கிறாள். சொல்லியிருந்தால் கயலுக்கு என் மேல் வெறுப்பு வந்திருக்கும்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி. ப்ரீத்தி மீன் வாங்கப் போயிருந்தாள். கயல் தன் ஆட்டத்தை வீடியோ எடுத்துப் பார்ப்பதற்காகப் போனை மதில் மேல் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். நான் அதைக் கவனித்தேன். எடுக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது முறை பாடி வரும்போது வலது காலை நீட்டினாள். பிடித்தேன். சுத்தமான பிடி. கீழே விழுந்தாள். கபடியில் பாட்டு நின்றால் பிடியை விட்டுவிட வேண்டும், மேடம். தெருவில் ஆடுகிற வாண்டுகளுக்கும் அது தெரியும். பாட்டு நின்றது. "விடுப்பா" என்றாள். நான் விடவில்லை. ஒரு கணுக்கால் எதுவரை திரும்பும், எதற்குமேல் திரும்பாது என்பது எனக்குக் கைப்பழக்கம். அதற்குமேல் திருப்பினேன். இத்தனை வருடத்தில் எதிரணி ஆள் ஒருவனுக்குக்கூட அப்படிச் செய்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் தலையை என் மடியில் வைத்திருந்தாள். டாக்டரிடம், "நான்தான் கால தப்பா வச்சிட்டேன், அப்பா மேல தப்பில்ல" என்றாள். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இனி ஆட முடியாது, நடக்கலாம் என்றார்கள். வீட்டுக்குள் நடந்தால் போதாதா?

பத்தொன்பது நாள் நன்றாகத்தான் போயிற்று. தலை பின்னினேன், ஊட்டிவிட்டேன். அவள் படுத்துக்கொண்டு அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். தான் எங்கே தப்பு செய்தோம் என்று தேடியிருக்கிறாள். இருபதாம் நாள் நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனபோது, "அம்மா பின்னட்டும்" என்றாள். சாயங்காலம் ப்ரீத்தி உங்களிடம் வந்தாள்.

பாட்டு நின்ற பிறகு மூன்று விநாடி பிடித்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து. நான் எண்ணினேன். பிடி நழுவி விபத்தாகிவிட்டது என்று சொல்லலாம் என்றார் வக்கீல். என் பிடி நழுவியது என்று யாரும் எழுத வேண்டாம். வேண்டுமென்றேதான் செய்தேன்.

அம்மாவும் பெண்ணும் இப்போது அண்ணாகிராமத்தில் மச்சான் வீட்டில் இருக்கிறார்கள். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று கயல் சொன்னதாகச் சொன்னீர்கள். கோபம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கோபமெல்லாம் இருக்காது, மேடம். உங்கள் ஸ்டேஷனுக்கு ஏழு படி இருக்கிறது, அந்தக் காலை வைத்துக்கொண்டு குழந்தை எப்படி ஏறுவாள்? ஆட்டோவை வாசல் வரைக்கும் வரச் சொல்லுங்கள். நான் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன்.