அலசின நோட்டு

வெர்னா: இந்த நோட்டுல சோப்பு வாசனை வருது, ஆர்வில்.

ஆர்வில்: உனக்கு மூக்கடைப்புன்னு சொன்னியே.

வெர்னா: அது போன செவ்வாய்க்கிழமை... அந்த லைட்டைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க.

ஆர்வில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டாம் வருஷத்து வரிசை. பத்து டாலர். ஹோல்பர்க் நேஷனல் பேங்க். பாத்து, என்ன விலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லு.

வெர்னா: ஹோல்பர்க் போய் வந்தீங்களா?

ஆர்வில்: அங்க என்ன இருக்கு? ஒரு தானியக் கிடங்கு. பேங்க் மூடியே தொண்ணூறு வருஷம் ஆச்சு.

வெர்னா: அந்த ஊர் பேரு போட்ட நோட்டு நாடு பூரா மூணுதான் இருக்கு. அந்தந்த ஊர் பேங்க்கே நோட்டு போட்ட காலம், பேங்க் காசாளரே பேனாவால கையெழுத்துப் போட்டிருப்பார். அதுக்குத்தான் மதிப்பே. கையெழுத்து எங்க?

ஆர்வில்: மங்கியிருக்கும்.

வெர்னா: மங்கல. அலசியிருக்கு. மடிப்பும் காணோம். இஸ்திரி வேற போட்டிருக்கு.

ஆர்வில்: ...காப்பி கொட்டிடுச்சு.

வெர்னா: நம்ம பழைய நோட்டு சேக்கறவங்க சங்கத்துல லாய்டு, புதுசாத் தெரியணும்னு நோட்டை அலசினப்ப, "இவனுக்கு எதுக்கு நோட்டு, சலவைக்கடை வைக்கச் சொல்லு"ன்னு ஒரு மாசம் கிண்டல் பண்ணது யாரு?

ஆர்வில்: நான்தான்.

வெர்னா: நாப்பது வருஷமா சேக்கறவர். எட்டாயிரம் டாலருக்குப் போற நோட்டு... இதை நான் எடுக்க மாட்டேன்.

ஆர்வில்: நிச்சயமா?

வெர்னா: நிச்சயமா. வேற எவனும் தொட மாட்டான்.

ஆர்வில்: அப்பாடா.

வெர்னா: என்ன சொன்னீங்க?

ஆர்வில்: ஒண்ணுமில்ல. காப்பி இருக்கா?

வெர்னா: பேச்சை மாத்தாதீங்க.

ஆர்வில்: ...பையனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், வெர்னா. கடைசி நோட்டு வித்த மறுநாளே அவன்கூட இருக்க அரிசோனாவுக்கு வந்துடறேன்னு. வாரம் ஒண்ணா எல்லாத்தையும் உன்கிட்ட வித்துட்டேன், இதுதான் கடைசி.

வெர்னா: அதை இதுவரைக்கும் சொல்லவே இல்லையே.

ஆர்வில்: அங்க ஒரு ரூம்ல உக்காந்து டிவி பாக்கணும். என் வீட்டுக்காரி எர்மா செத்துப் போனதுலேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவைதான் நான் வாயைத் திறந்து பேசறேன். இங்க வந்துதான்.

வெர்னா: அதனால அலசினீங்க.

ஆர்வில்: வெந்நீர்ல. மசி கரைஞ்சு போறதைப் பாத்துட்டே நின்னேன்... விக்காத நோட்டு ஒண்ணு கையில இருந்தா நான் போக வேண்டாம்ல?

வெர்னா: இந்தாங்க சாவி. அந்தக் கீழ் இழுப்பறையைத் திறங்க.

ஆர்வில்: எதுக்கு... இதெல்லாம் என் நோட்டு. உனக்கு நான் வித்தது. எல்லாத்தையும் சிகாகோக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்னு சொன்னியே?

வெர்னா: சிகாகோக்காரர்னு ஒருத்தரும் இல்ல. இந்தக் கடைக் கதவு மணி அடிக்கறதே நீங்க வர்ற செவ்வாய்க்கிழமைதான், ஆர்வில்.

ஆர்வில்: அப்ப இதையெல்லாம் எதுக்குப் பூட்டி வச்ச?

வெர்னா: நீங்க கடைசி நோட்டை வித்த பிறகு, முதல் நோட்டுலேர்ந்து திரும்ப உங்களுக்கே விக்கலாம்னு இருந்தேன். அதே விலைக்கு, வாரத்துக்கு ஒண்ணா... அதுக்குள்ள அலசிட்டு வந்து நிக்கறீங்களே, மனுஷா.