காக்காப் பெட்டியில் ஒரு முடிச்சு

— காக்காத் தோலுலயா ஐயா பெட்டி செய்வாங்க? ஒரு காக்காவுக்கு என்னா தோலு இருந்துறப் போவுது?

— விசர்க்கதை கதையாதை, வேலாயி. தோல் காட்டெருமைத் தோல். செய்த சனத்தின்ரை பேர்தான் காகம். அமெரிக்காவில குதிரையில அலைஞ்ச சனம். உடுப்பு, காயவச்ச இறைச்சி எல்லாம் இதுக்குள்ளதான் கட்டிக் கொண்டு போறது. நூறு வருசப் பழசு. துரைக்கு உயிர்.

— அந்தச் செவப்பும் பச்சையுமா முக்கோணம் முக்கோணமா எழுதுனது ஆம்பளைங்களா?

— பொம்பிளையள். கதையை மாத்தாதை. துரை அடுத்த கிழமை சீமைக்குப் போறார், சாமானெல்லாம் எழுதச் சொன்னவர். ரெண்டு பெட்டியில ஒண்டின்ரை கட்டு மாறிக் கிடக்கு. என்ன முடிச்சு அது?

— முடிச்சுன்னா முடிச்சுதான்.

— தேயிலைக் கொழுந்துச் சாக்குக் கட்டுற முடிச்சு. பதினாலு வருசம் இந்தக் கந்தோரில கிளாக்கரா இருக்கிறன், எனக்குத் தெரியாதோ? பங்களாவைக் கூட்டித் துடைக்கிறது நீ ஒருத்திதான்.

— சமையக்கார கஸ்பரும்தான் உள்ள போறாரு. அவரக் கேட்டீங்களா? எளச்சவன்னா எல்லாருக்கும் எளப்பம்.

— கஸ்பர் எந்த மலையில கொழுந்தெடுத்தவன்? சொல்லு, என்ன எடுத்தனீ?

— மாரியாத்தா சத்தியமா எடுக்கல ஐயா. வச்சேன்.

— என்னத்தை வச்சனீ?

— வெளிய சொல்லிற மாட்டீங்களே? ஒங்களையும் நம்பப் பயமாத்தான் இருக்கு.

— எனக்குச் சொல்லாட்டித் துரைக்குச் சொல்ல வேண்டி வரும்.

— எங்கப்பா காலத்துல தோட்டத்துல பேரு பதிஞ்ச செக்ரோல் துண்டு, எம்புள்ளைங்க பொறந்த துண்டு. இதெல்லாம் காட்டி இந்த நாட்டுப் பிரஜா உரிமைக்கு எழுதிப்போட இன்னும் ஒம்போது நாளுதான் இருக்கு. எங்கண்ணன் எல்லாரும் இந்தியாவுக்குப் போயிறணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. அது கண்ணுல பட்டா அடுப்புல போட்டுரும். எம்புருசனப் பொதச்ச மண்ணு இது. எம்புள்ளைங்களுக்கு அங்க யாரத் தெரியும்? லயத்துல எல்லாரும் ஒரே காம்பராவுல கெடக்கோம், ஒளிக்க ஒரு மூல கெடையாது. அந்தப் பெட்டிய யாரும் தொறக்கறதில்லன்னுதான் அதுல வச்சேன்.

— அண்ணன்ரை பேர் கந்தப்பனோ?

— ஆமாங்க. ஏன் ஐயா, மொகம் இப்பிடிப் போவுது? எடுத்துக் குடுத்துருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— முடிச்சைக் கண்டதும் நான் நேற்றே திறந்து பாத்தனான். மேல கிடந்த செக்ரோல் துண்டில கந்தப்பன்ரை பேரும் கிடந்தது, மற்றதுகளைப் பிரிச்சுப் பாக்கேல்லை. நீ அவனிட்டைக் களவெடுத்து ஒளிச்சதெண்டு நினைச்சு, காலமை பெரட்டில ஆள்க்கணக்கு எடுக்கேக்க எல்லாத்தையும் அவன்ரை கையிலயே குடுத்திட்டன்.