ஒன்பதாவது ஸ்ட்ரா

“மாமி, இன்னைக்கு எனக்கு உங்க டம்ளர்லயே காப்பி குடுங்க.”

காலையில் நான் கேட்டது இவ்வளவுதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே, இதை மட்டும் கேட்கக் கூடாது என்று என் அம்மா சொல்லி வைத்திருந்தாள். அம்மா பெயர் தேவானை. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் குடிசையை இடித்து, பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்ட பிறகும் பஸ் மாறி வந்து அதே பாத்திரத்தைத் தேய்த்தாள். “இன்னா வேணா கேளு நிஷா. லீவு கேளு, பழைய பொடவ கேளு. அவங்க வாய் வெக்கிற டம்ளர்ல மட்டும் கேக்காத. கேட்டியோ, அத்தோட நம்ம கத முடிஞ்சிது.”

நீரஜா மாமி கையில் இருந்த டிகாஷனைக் கீழே வைத்தார். பிறகு, “ஹம்சினியோடது இருக்கு, அதுல தரேன். உக்காரு” என்றார். அலமாரியைத் திறந்து மகளின் வெள்ளி டம்ளரை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, நுரை பொங்க ஊற்றிக் கொடுத்தார். நான் தூக்கிக் குடிக்கவில்லை. உதடு வைத்தே குடித்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உணவியல் படித்தேன். படித்து முடித்து வேலை தேடி அலைந்தபோது மாமிதான் கூப்பிட்டார். அவருடைய ஒரே மகள் ஹம்சினிக்கு முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். வெளியே போகிற இடமெல்லாம் அவளோடு ஒருத்தி போக வேண்டும். அவள் சாப்பிடுகிறதை முதலில் ருசி பார்க்க வேண்டும். ஆபத்துக்குப் போடுகிற ஊசியைப் பையில் வைத்திருக்க வேண்டும். அந்தத் துணைக்கு ஆள் நான்.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மாமி என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். “நீ தனியா ஒரு கிண்ணத்துல எடுத்துண்டு போய்ப் பாரு. கொழந்தை சாப்பிடறதுல உன் எச்சில் பட்டுடப் படாது. தப்பா எடுத்துக்காதே, இந்த ஆத்துல எல்லாருக்குமே அப்படித்தான்.” நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பிக்குக்கூட எனக்கென்று பட்டாம்பூச்சி போட்ட ஒரு கோப்பை வாங்கி வந்து, “உனக்குன்னே ஸ்பெஷலா வாங்கினேன்” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தக் கோப்பை வாஷிங் மெஷின் மேல் தனியாக இருக்கும். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அவ்வளவு ஸ்பெஷல்.

மாமாவுக்கு, அதாவது ஹம்சினியின் அப்பா ராகவேந்திரனுக்கு, அறுபது முடிந்தது. சஷ்டியப்தபூர்த்தி ஆன கையோடு குடும்பம் மொத்தமும் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள். புளியோதரை, தக்காளித் தொக்கு, ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் பெட்டி பெட்டியாக ஏறின. கப்பல் சமையல்காரன் என்ன கையோ என்று அத்தைமார்கள் தயிருக்கு உறைமோர்கூட எடுத்து வந்திருந்தார்கள்.

பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் பஜனையும் தம்போலாவும். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்கு மேல்தளத்தில் கண்ணாடி போட்ட ஒரு கூடம். மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சூரியன் இறங்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடும். எனக்கும் ஒரு பட்டை கட்டினார்கள். வயது இருபத்து மூன்று, அதனால். அந்தக் கப்பலில் நான் யார் என்று கேட்காமல் எனக்கு ஒன்றைக் கொடுத்தது அந்தப் பட்டை மட்டும்தான்.

ஒருவரையொருவர் தெரியாத பிள்ளைகள் பழகுவதற்காக என்னென்னவோ விளையாட்டு வைத்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழத்தைத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கி, கை படாமல் அடுத்தவர் கழுத்துக்கு மாற்ற வேண்டும். நூலில் தொங்குகிற ஒரே மிட்டாயை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து கடிக்க வேண்டும். ஹம்சினி எல்லாவற்றிலும் சேர்ந்தாள். எந்த ஊரோ, என்ன பேரோ, அவன் கடித்த மிட்டாயின் மீதியைக் கடித்துச் சப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுடைய பெரியப்பா மகன் ஸ்ரீநாத், வீட்டில் சந்தியாவந்தனம் விடாத பையன், யாரோ ஒருத்தி வாயிலிருந்து எடுத்த லாலிபாப்பைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். தாடையில் எச்சில் வழிய ஆடினார்கள். வியர்வை, சென்ட், கொட்டிப்போன ஜூஸ், காலில் ஒட்டுகிற தரை. ஆற்றங்கரையில் வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் தெரு நாறும். அந்த நாற்றத்தில்கூட எனக்குக் குமட்டியதில்லை. அங்கே குமட்டியது.

ஸ்ரீநாத்துக்கு என்னை மைக் முன்னால் நிறுத்த வேண்டும் என்று ஆசை. “மச்சி, இவ செம லோக்கல் பேசுவா, கேட்டுப் பாருங்கடா. நிஷா, ஒரே ஒரு தடவை ‘இன்னாபா’ன்னு சொல்லேன், ப்ளீஸ்.” நான் சொல்லவில்லை. அவனே என்னைப் போல் பேசிக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். ஹம்சினியும் தட்டினாள். பிறகு என் தோளைத் தொட்டு, “சும்மா ஜோக்குடி” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு அந்தக் கிண்ணம் வந்தது. கண்ணாடியில் செய்த வாளி அளவுக் கிண்ணம். உள்ளே வெள்ளை நிறத்தில் கெட்டியாக ஏதோ. சுற்றிலும் எட்டு ஸ்ட்ரா. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் உறிஞ்ச வேண்டும். முதலில் தீர்க்கிற அணிக்குப் பரிசு. ஹம்சினி ஒரு ஸ்ட்ராவைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினாள். “நிஷா, இது ஓகேவான்னு பாரேன், சீக்கிரம்.”

நான் ஜூஸ் கவுன்ட்டருக்குப் போனேன். ஹம்சினியைக் காட்டி, அவளுக்கு முந்திரி, பாதாம் ஆகாது, அந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அங்கே நின்றவன் பெயர் சைஃப். திருவல்லிக்கேணிப் பையன். நான் பேசிய இரண்டு வார்த்தையிலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டான். “நம்மூரா க்கா நீ? அத்த அந்தப் பொண்ணு குடிக்கக் கூடாதுக்கா. பைனாப்பிள், தேங்காப்பாலு, கெட்டியா வர்றதுக்கு முந்திரி அரைச்சு ஊத்தி கீது. நான் வந்து சொல்லட்டா?”

“வேணாம். நான் சொல்லிக்கிறேன்” என்றேன்.

சொல்லத்தான் திரும்பி வந்தேன். இதைக் கேட்கிறவர்கள் நம்ப வேண்டும். கவுன்ட்டரிலிருந்து என்னையறியாமல் ஒரு ஸ்ட்ராவையும் எடுத்து வந்திருந்தேன். ஒன்பதாவது. நான் கிண்ணத்தை நெருங்கியதும் ஹம்சினி என் கையில் இருந்த ஸ்ட்ராவைப் பார்த்தாள். சட்டென்று உள்ளங்கையால் கிண்ணத்தை மூடினாள்.

“ஐயோ, இதுல வாய் வெக்காதே நிஷா. தனியா ஒரு கப்புல எடுத்துண்டு போய்ப் பாரேன்.”

அவளுடைய கைக்குக் கீழே, முன்பின் தெரியாத ஆறேழு பேர் ஏற்கெனவே வாய் வைத்துக் கடித்து நசுக்கிய ஸ்ட்ராக்கள் அந்த வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

சரி என்று கவுன்ட்டருக்குப் போனேன். சைஃப் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தான். தட்டில் வைத்திருந்த தர்பூசணி ஜூஸ் ஒரு கப் எடுத்தேன். தனியாக ஓர் ஓரத்தில் நின்று, முறைப்படி, வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, விழுங்கினேன். முந்திரி இல்லை. அங்கிருந்தே ஹம்சினியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். சரி என்று.

அதில் பொய் எதுவும் இல்லை. நான் குடித்ததில் முந்திரி கிடையாது.

வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் காற்று நன்றாக இருந்தது. திரும்பினால் கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். ஹம்சினி கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆடுகிறாள் என்று நினைத்து மற்றவர்களும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். அவள் முட்டி போட்டாள். அதையும் ஒரு ஸ்டெப் என்று நினைத்தார்கள். பிறகுதான் பாட்டு நின்றது.

“ஊசி எங்கடி? ஊசி!” என்று ஸ்ரீநாத் கத்திக்கொண்டு ஓடி வந்தான். “ரூம்ல கீது” என்றேன். அவன் அத்தனை கெஞ்சியும் மைக்கில் வராத பேச்சு அப்போது தானாக வந்தது. நான் ஓடினேன். லிஃப்ட் இருந்தது, படியில் ஓடினேன். அறையைத் திறந்தேன், கட்டிலில் உட்கார்ந்தேன், மறுபடியும் படியில் ஏறினேன். கப்பல் டாக்டர் அவருடைய ஊசியைப் போட்டு முடித்திருந்தார். நேரம் கடந்துவிட்டது என்றார். பை முதலிலிருந்தே என் தோளில், துப்பட்டாவுக்கு உள்ளே இருந்தது.

எல்லோரும் நான் ஓடியதைத்தான் சொன்னார்கள். மூச்சிரைக்க, முட்டியில் ரத்தத்தோடு வந்து நின்றேனாம். மாமி என்னைக் கட்டிக்கொண்டு, “நீயாவது ஓடினியேடி, எங்காத்துப் பசங்க வேடிக்கை பார்த்துண்டு நின்னான்களே” என்று அழுதார். பதின்மூன்று நாளும் காரியங்கள் நடந்த வீட்டில் நான்தான் ஓடியாடி வேலை செய்தேன். “நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதான்” என்றார். காப்பி பட்டாம்பூச்சிக் கோப்பையில்தான் வந்தது.

அவள் குடிப்பதற்கு முன்னால் கவுன்ட்டர் பையனிடம் கேட்டாயா என்று மாமா கேட்டார். கேட்டேன் என்றேன். அவன் முந்திரி இல்லை என்று சொல்லியிருக்கிறான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் குறுக்கே பேசவில்லை. போலீஸ் சைஃப்பைக் கூட்டிக்கொண்டு போனது. சொன்னேன், அந்த அக்காவிடம் சொன்னேன் என்று அவன் சத்தியம் செய்கிறானாம். யார் கேட்கிறார்கள். இன்று வக்கீல் பத்ரிநாராயணன் சார் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. நான் சாட்சி சொன்னால் சைஃப் உள்ளே போவான்.

காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். சைஃப்பின் அப்பா குலாம் முகம்மது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “யம்மா, எம்புள்ள பொய் பேசத் தெரியாதவன்மா. நீ படிச்ச பொண்ணு. அவன் சொன்னானா இல்லியா, அத்த மட்டும் சொல்லிடும்மா. உன் கால்ல வேணா வுழறேன்.” குனியப் போனார். நான் பிடித்து நிறுத்தினேன். “நில்லுங்க நைனா, வரேன்” என்று உள்ளே வந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு காப்பி குடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. குடித்தேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இப்போது சொன்னதை எல்லாம் இதே மாதிரி மாமியிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கையில் டவரா அப்படியே இருந்தது.

“ஊசி?” என்றார். அது மட்டும்தான் கேட்டார்.

“பையில இருந்துது மாமி.”

“ஏன்டி?”

“நீங்க சொன்ன மாதிரி தனியா எடுத்துத்தான் பார்த்தேன்” என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெள்ளி டம்ளரைப் பார்த்தார். எடுக்கக் கையை நீட்டினார், விளிம்பில் என் உதட்டுத் தடம் இருந்தது, விரல்களை மடக்கிக்கொண்டார். மகளைக் கொன்றவள் எதிரில் நிற்கும்போதும் அந்தக் கைக்கு அது மறக்கவில்லை. 

டம்ளரை நானே கழுவிக் கவிழ்த்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வக்கீலுக்காகக் காத்திருக்கவில்லை. பின்வாசலில் அம்மா பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். “எங்கடி போற?” என்றாள். “ஸ்டேஷனுக்கு” என்றேன். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும், தேய்க்கிற சத்தம் நின்று போயிருந்தது. நான் பின்வாசல் வழியாகப் போகவில்லை. கூடத்தைத் தாண்டி, வாசல் கதவைத் திறந்து, முன்பக்கமாகவே இறங்கினேன்.

பெரியவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வாங்க நைனா, உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவர் அழுதார். எதற்கு நன்றி எல்லாம் என்றேன். கண்ணெதிரில் ஓர் உயிர் துடிக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்கிறவள் இல்லை நான்.