குஷன் கடைப் பலகை

— கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். உள்ள என் வீட்டுக்காரரு முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு.

— மெதுவாதான்க்கா பேசறேன். வளைவுல நிக்கிற உங்க பலகைய இன்னிக்கு எடுத்தாகணும். ஊராட்சி போட்ட தீர்மானம். நான் மேற்பார்வை பாக்க வந்தவன், என்னைத் திட்டி என்ன ஆகப்போகுது?

— திட்டலையே சார். கையெடுத்துக் கும்பிடத்தானே செய்யறேன்.

— கும்பிடாதீங்கக்கா. அது திட்டறத விட மோசமா இருக்கு.

— டீக்கடைப் பலகை மட்டும் நிக்கலாமா?

— அது காலையிலயே போச்சு. அந்தா, வண்டியில மல்லாந்து கிடக்குது பாருங்க. உரக்கடை, கோழிப்பண்ணை, செங்கல் சூளை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. டீக்கடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டாரு. குஷன் கடைப் பலகையும் போகுதா, இல்ல சட்டம் எங்களுக்கு மட்டும்தானான்னு. நான் என்ன பதில் சொல்றது?

— எங்க பலகை யாரை என்ன பண்ணுச்சு சார்?

— ஸ்கூல் வேன் ஓட்டறவரைக் கேளுங்க. எதிர்ல வர்ற வண்டியே தெரியாம மறைக்குது. போன மாசம் மயிரிழையில தப்பிச்சாரு, உள்ள அத்தனை புள்ளைங்க. அதுக்கப்புறம்தான் ரோட்டோர நிலத்துல ஒரு பலகையும் கூடாதுன்னு முடிவாச்சு. உங்களது சின்னதாவா இருக்கு? ரெண்டு கட்டிலைச் சேத்து நிறுத்தின மாதிரி இருக்கு.

— லாரிக்காரங்க தூரத்துல இருந்தே படிக்கணும்னு அவருதான் அவ்வளவு பெருசா பண்ணாரு. இரும்புச் சட்டம், கெட்டித் தகரம். யானை ஏறி நின்னாலும் வளையாதும்பாரு.

— அது தெரியுது. கழட்ட எங்க ஆளுங்க மூணு பேரு வேணும். சரி, நான் ஒரு வழி சொல்றேன், கேளுங்க. சொந்த நிலத்துல வெச்சா யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. உங்க கேட்டுக்கு உள்ளாற எங்க வேணா வெச்சுக்கலாம். எங்க ஆளுங்களே தூக்கிட்டு வந்து வெச்சுக் குடுத்துருவாங்க.

— கேட்டுக்குள்ள வேண்டாம்.

— ஏன்க்கா?

— வேண்டாம் சார். வளைவுலதான் நிக்கணும்.

— சரி விடுங்க. முக்கு ரோட்டுல ஊராட்சியே பொதுக் கம்பம் நடுது. எல்லாக் கடைக்கும் ஒரே அளவுல சின்னத் தகடு, அம்புக்குறி போட்டு. உங்களதை மேலயே மாட்டச் சொல்றேன்.

— முக்கு ரோடு இங்க இருந்து தெரியாதே.

— உங்களுக்கு எதுக்குத் தெரியணும்? வர்றவனுக்குத் தெரிஞ்சாப் போதாதா? டீக்கடைக்காரர் தன் தகடு மேல வரணும்னு மல்லுக்கு நிக்கிறாரு. நீங்க வலிய வந்து குடுத்தாலும் வேண்டாங்கறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல.

— தண்ணி குடிக்கறீங்களா சார்? கெணத்துத் தண்ணிதான். மோட்டார் போட்டு பைப்புல பிடிச்சது.

— குடுங்க. நல்லா சில்லுன்னு இருக்கு. ஆமா, ஷட்டர் ஏன் பாதி இறங்கி இருக்கு? உள்ள தைக்க வந்த லாரி சீட்டு ஒண்ணுகூட இல்ல. ரெக்சின் சுருள் மேல இவ்வளவு தூசி.

— அங்க பாக்காதீங்க சார்.

— கடை ஓடுதாக்கா?

— ஓடுது.

— மேஸ்திரி! ஏ மேஸ்திரி! வண்டி ஒண்ணு வேகம் குறைக்குது பாரு. நம்ம பலகையத்தான் படிக்கிறான். எழுந்து போ!

— இதோ போறேங்க! நீங்க கட்டில்ல அசையாம படுங்க! வாங்கண்ணே, வாங்க. டிரைவர் சீட்டா, கிளீனர் சீட்டா? டிரைவர் சீட்டா, சரி. பஞ்சு மாத்தணுமா?

— அக்கா, யார்கிட்ட பேசறீங்க? இங்க யாருமே இல்லையே. அந்த லாரி வளைவு தாண்டிப் போயே போச்சு.

— சத்தம் போடாதீங்க சார், உங்க காலத் தொடறேன். சாயந்தரம் தந்துடறேண்ணே! அப்படி உட்காருங்க! சார், இங்கயே நில்லுங்க, மெஷினை ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துடறேன்.

— துணியே இல்லாம எதக்கா தைக்கிறீங்க?

— துணி இல்லாதப்ப நூல் கோத்தா சிக்கிக்கும். வெறும் ஊசிதான். அவரு காதுக்கு சத்தம் போனாப் போதும்.

— போதும்க்கா, நிறுத்துங்க. என்ன நடக்குது இந்த வீட்டுல?

— கடை செத்து ரொம்ப நாளாச்சு சார். அவரு வெட்டுவாரு, நான் தைப்பேன், அதுதான் எங்க தொழில். அதனாலதான் என்னை மேஸ்திரின்னு கூப்பிடுவாரு. அவரு இடது கைக்காரர். வாதம் வந்து அந்தப் பக்கமே விழுந்துடுச்சு. நான் வெட்டிப் பாத்தேன். ஒரு லாரிக்காரர் சீட்டைக் கோணல்மாணலா வெட்டித் தொலைச்சேன். அந்தப் பேச்சு பரவினதோட ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப விடியறதுக்கு முன்னாடி மில்லுல கூட்டிப் பெருக்கறேன். ரெக்சின் வாங்கப் போறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போவேன்.

— அவரு நம்பறாரா?

— நம்பாம? அவருக்கு உலகம்னு இருக்கறதே ரெண்டு ஜன்னல்தான் சார். தலைய இப்படித் திருப்பினா கொல்லை தெரியும், அப்படித் திருப்பினா வளைவும் பலகையும் தெரியும். விழுந்த புதுசுல சோறு தண்ணி எடுக்காம சுவத்தப் பாத்தே கிடந்தாரு. ஒரு நாள் மத்தியானம் திடீர்னு பெருங்குரல் எடுத்துக் கத்தினாரு. மேஸ்திரி, பலகைகிட்ட வண்டி நிக்குது, ஓடுன்னு. நான் கொல்லையில கெணத்துகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன், விழுந்தடிச்சு ஓடியாந்தேன்.

— பைப்புல தண்ணி வரும்போது கெணத்துகிட்ட என்ன வேலை?

— சும்மாதான் நின்னேன். அத விடுங்க சார். ரோட்டுக்கு வந்து பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. அவரு முகத்தப் பாத்தேன், யாருமில்லன்னு சொல்ல வாய் வரல. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்தக் கூத்து. அன்னிக்குத்தான் அவரும் ரெண்டு வாய் சாப்பிட்டாரு. அந்த வளைவுல எல்லா வண்டியும்தான் பிரேக் போடும். அவரு கண்ணுக்கு அத்தனையும் நம்ம கடைக்கு வர்ற வண்டி. பலகை போச்சுன்னா எதப் பாத்து சாப்பிடுவாரு? திரும்பவும் சுவத்துப் பக்கம் திரும்பிட்டாருன்னா நான் எங்க போவேன்? எனக்குன்னு அவர விட்டா யாரு இருக்கா?

— ஐயோ அக்கா. என்னை ஏன் இந்த வேலைக்கு அனுப்பினாங்க.

— ஒரு வாரம் குடுங்க. வெளுத்துப்போன எழுத்துக்கு வர்ணம் அடிக்கப் போறோம்னு அவர்கிட்ட சொல்லி வைக்கறேன். இல்லன்னா வெறும் சட்டத்தையாவது விட்டுட்டுப் போங்க.

— சாயந்தரம் தலைவரே நேர்ல வந்து பாக்கறாருக்கா. ஒரு கம்பி நின்னாலும் என் வேலை போயிடும். ஸ்கூல் வேனும் தினம் அந்த வழியாத்தானே வருது? நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரும் எப்படித் தூங்குவோம்?

— தெரியுது சார். எல்லாம் தெரியுது. தெரிஞ்சும் கேக்கறேன் பாருங்க, என் நிலைமை அப்படி.

— தம்பி! பலகை எடுக்க வந்தவர்தானே? உள்ள வாங்க.

— ஏங்க, அவரு வழி கேட்டு வந்தவரு. இப்பப் போயிடுவாரு.

— வாங்க தம்பி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உட்காருங்க. மேஸ்திரி, நீயும் வா. வாசப்படியிலயே நின்னு அழாத.

— அண்ணே, நான் வந்து...

— கேட்டுச்சு தம்பி. விழுந்தது கையும் காலும்தான், காது நல்லா இருக்கு. பலகையக் கழட்டிடுங்க.

— என்னங்க பேசறீங்க? இப்பக்கூட ஒரு வண்டி வந்துச்சே. டிரைவர் சீட்டுக்கு. நான் தைச்சேனே, சத்தம் கேக்கலையா?

— கேட்டுச்சு மேஸ்திரி. நூல் கோக்காம ஓடுற மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா?

— எப்ப இருந்து தெரியும்?

— மொதல் நாள்ல இருந்து.

— அப்புறம் ஏன்? வண்டி நிக்குது, எழுந்து போ, எழுந்து போன்னு தினமும் ஏன் என்னை விரட்டினீங்க? வராத ஆளுகிட்ட நான் பேசினது, சிரிச்சது, எல்லாத்தையும் படுத்தபடியே கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

— கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அந்தக் குரல் கேக்கறவரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல.

— ஏங்க...

— அன்னிக்கு ரோட்டுல வண்டியே இல்ல மேஸ்திரி. நான் ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்ல, கொல்லையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ செருப்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, கெணத்து விளிம்புல நின்னே. எழுந்து வர எனக்குக் கால் இல்ல. போகாதன்னு சொன்னா நிக்க மாட்டே. வண்டி வந்தா மட்டும் எந்த வேலையையும் போட்டுட்டு ஓடியாருவே, அது எனக்குத் தெரியும். அதான் கத்தினேன். அப்புறம் நீ கொல்லைப் பக்கம் போய் நின்ன ஒவ்வொரு தடவையும் கத்தினேன். இன்னிக்குத் தம்பி வந்தப்பவும், பலகை போற கவலையில நீ கொல்லைக்குப் போயிடுவியோன்னு பயந்துதான் கத்தினேன்.

— எனக்குத் தெரியாதுங்க... நீங்க பாத்தீங்கன்னு எனக்குத் தெரியாது...

— அழுதுக்க. இங்க, என் பக்கத்துல உட்கார்ந்து அழுதுக்க. தம்பி, ஒரு சந்தேகம்.

— சொல்லுங்கண்ணே.

— சொந்த நிலத்துல எங்க வேணா வெச்சுக்கலாம்னு சொன்னீங்கல்ல? பெரிய பலகையா இருந்தாலும்?

— வெச்சுக்கலாம்ணே. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். எங்க வைக்கச் சொல்லட்டும்?

— கொல்லைக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. கெணத்து வாய் மேல படுக்கப் போட்டு, நாலு பக்கமும் போல்ட் அடிச்சு இறுக்கிட்டுப் போங்க.